ஒரு குழந்தைக்கு ஒரு குப்பி

கட்டைவிரல் உயரம்கூட இருக்காது அந்தக் குப்பி. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கும். கூடவே வரும் நீரை ஊசியால் அதற்குள் ஏற்றிக் கலக்கினால் தட்டம்மைத் தடுப்பூசி. கலக்கிய பிறகு நாலு மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் ஐந்து குழந்தைகளுக்குப் போடலாம். ஒரே குழந்தைதான் வந்ததென்றால் மீதியை வீணென்று எறிய வேண்டியதுதான். அந்தக் குப்பி ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் நடுவில், என் அம்மா வயதுள்ள ஒருவரை நான் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டிலா சிஸ்டர்? மிச்சத்த வாய்க்கால்லயா ஊத்துனீங்க?"

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எம்.பி.பி.எஸ். முடித்து அரசு வேலைக்கு வந்து, குடவாசலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக உட்கார்ந்திருந்தேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள் நான். இப்போதும் அப்படித்தான், மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் நிலையத்தில் தடுப்பு மருந்து விரயம் அதிகம் என்று மேலே இருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. யாரோ என் சமையலறைக்குள் வந்து குறை சொன்ன மாதிரி எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மாதக் கூட்டத்தில் கிராமச் செவிலியர்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டேன். நான் குப்பியைக் காட்டிக் கேட்ட அந்த சிஸ்டர் மட்டும், "ஒத்தப் புள்ளையா வந்தாலும் அதுவும் புள்ளதானே மேடம். வரப்புல நடந்து வந்தவள எப்படித் திருப்பி அனுப்புறது?" என்றார். எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேசிவிட்டாரே என்று எனக்கு இன்னும் ஏறியது. "மூணு குழந்தையாவது சேராம இனிமே யாரும் பாட்டிலத் தொறக்கக் கூடாது. நான் சொல்றேன், அவ்வளவுதான்," என்று முடித்துவிட்டேன். எழுத்தில் கொடுக்கவில்லை, வாய்வார்த்தைதான். ஒரே குழந்தை வந்தாலும் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

சிஸ்டர் அந்த நிலையத்தில் எனக்கு முன்னால் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தவர். குட்டையான உருவம், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நீல நிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மினி பஸ்ஸிலிருந்து இறங்கினால் தெருவுக்கே தெரிந்துவிடும், அப்படி ஒரு குரல். எந்த வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை என்பதற்கு ஏட்டைப் புரட்ட மாட்டார். "உங்க வீட்டு ஒம்பதாம் மாசம் என்ன பண்ணுது?" என்றுதான் விசாரிப்பார். காய்ச்சல் குழந்தை என்றால் முதலில் வெளிச்சத்துக்குத் தூக்கிவரச் சொல்வார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்ப்பார். அப்புறம் ஒரு கரண்டிக் காம்பால் கன்னத்தை உள்பக்கம் நகர்த்தி, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உப்புத்தூள் தூவிய மாதிரி வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று தேடுவார். தட்டம்மையை எங்கள் பக்கம் மணல்வாரி என்பார்கள். உடம்பில் தடிப்பு வருவதற்கு முன்பே அதைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பொட்டுதான். நானும் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நான் மேசையை விட்டு எழாமல் மருந்து எழுதுவதைப் பார்த்து, "பேனாவ வச்சுட்டுக் கரண்டிய எடுங்க மேடம்," என்று சிரிப்பார். எனக்கு அது பிடிக்காது.

இந்தப் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஐந்து மாதமோ ஏழு மாதமோ அங்கே இருந்துவிட்டு, நாள் பார்த்துப் பிள்ளையைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்கப்புறமும் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்றுதான் தாயும் பிள்ளையும் இருப்பார்கள். ஒன்பதாம் மாத ஊசி இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்துவிடும். அந்த ஊர் நர்ஸ் இங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார், இந்த ஊர் நர்ஸ் அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார். சிஸ்டர் அப்படி ஏமாறுகிறவர் இல்லை, ஊசி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நம்புவார். நான் சொல்லப்போகும் தாய்க்கு அந்தத் தொந்தரவுகூட இல்லை. புருஷன் வளைகுடாவில் வேலை பார்க்க, மாமனார் வீட்டில் இருந்த சின்னப் பெண். மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடும் புதன்கிழமையன்று தானாகவே, அட்டையோடு, பத்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அன்று அந்த ஊசிக்கு வந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். என் கூட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிஸ்டர் குப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப ஐஸுக்குள்ளேயே வைத்துவிட்டார். "அடுத்த மாசம் இன்னும் ரெண்டு புள்ளைங்க சேருது தாயி. அப்ப சேத்துப் போட்டுறலாம்," என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதப் புதனன்று அந்தத் தாய் அம்மா வீட்டில் இருந்தார். குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். அதற்கடுத்த மாதப் புதன் வருவதற்குள் மணல்வாரி வந்துவிட்டது.

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் அவர் முதலில் வந்தது என்னிடம்தான். குழந்தைக்கு இருமல், மூக்கில் நீர், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. வெளிச்சம் பட்டாலே தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வரிசை வாசலைத் தாண்டி நின்றது, எனக்குப் பசி வேறு. சளிக்காய்ச்சல் என்று எழுதி, காய்ச்சல் மருந்தும் கண்ணுக்குச் சொட்டும் கொடுத்து அனுப்பினேன். வாயைத் திறந்து பார்க்கவில்லை, ஊசி அட்டை எங்கே என்று கேட்கவில்லை. இதில் ஒன்றைச் செய்திருந்தாலும் போதும், வைட்டமின் ஏ மருந்தை அன்றைக்கே வாயில் ஊற்றியிருப்பேன், பிள்ளையைத் தனியாக வை என்று சொல்லியிருப்பேன். என்னைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குழந்தை வராந்தாவில் வெகுநேரம் மற்றக் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தது. பிறகு அந்த வட்டாரத்தில் இன்னும் நாலைந்து வீடுகளில் வேப்பிலை தொங்கியது. அந்தப் பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள், என் நல்ல நேரம்.

மறுநாள் தடிப்பு காதோரம் தொடங்கி முகத்தில் இறங்கியதும் வீட்டார் நிலைப்படியில் வேப்பிலையைச் செருகிவிட்டார்கள். அதன்பின் அந்த வீட்டில் யாரும் காய்ச்சல் என்று சொல்ல மாட்டார்கள், தாய் வந்திருக்கிறாள் என்பார்கள். தாளிக்கிற வாசம் வராது. வெளியாள் உள்ளே போகக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் மருந்து கிடையாது. இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. வெளியாளை விடாமல் இருப்பது நல்ல காரியம், என் வராந்தாவைவிட அந்த வீடு எவ்வளவோ மேல். மருந்தை நிறுத்துவதுதான் ஆளை அடித்துவிடுகிறது.

சிஸ்டர் அந்தத் தெருவில் போகும்போது வேப்பிலையைப் பார்த்திருக்கிறார். செருப்பையும் பையையும் தெருவிலேயே விட்டுவிட்டு, பக்கத்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, வாசலில் நின்று கும்பிட்டாராம். நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். மாமனார் வெளியே வந்து, "தண்ணி ஊத்த இன்னும் ரெண்டு நாள் இருக்கு நர்சம்மா. அதுக்குள்ள ஊசி கீசின்னு ஆரம்பிக்காதீங்க. ஆத்தா கோவத்த எங்களால தாங்க முடியாது," என்றிருக்கிறார். சிஸ்டர் வாதாடவில்லை. "நான் உள்ள வரலைங்கய்யா. புள்ளைய வெளிச்சத்துல ஒரு தடவ காட்டுங்க, போதும்." தாய் தூக்கிவந்து காட்டினார். விலா உள்ளே போய்ப்போய் வந்தது, அப்படி மூச்சு வாங்கியது. இடது கண் திறக்கவே இல்லை. "ஊசி இல்லைங்கய்யா. வாயில ஊத்துற மருந்து, கண்ணுக்காக. கண்ணு குடுக்குற ஆத்தா, புள்ளைக்குக் கண்ணு நல்லாயிருக்கட்டும்னு குடுத்தா கோவிப்பாளா?" என்று கேட்டாராம். மாமனார் யோசித்துக்கொண்டே நிற்க, தாய் குழந்தையின் வாயைத் திறந்து பிடித்துவிட்டார். முதல் வேளை வைட்டமின் ஏ அப்படித்தான் உள்ளே போனது. பிறகு எனக்குப் போன். "வண்டியோட வாங்க மேடம். வாசல்லயே நில்லுங்க. கோவப்படாதீங்க."

நான் வாசலில் போய் நின்றதும் தாய் பிள்ளையோடு வண்டியில் ஏறிவிட்டார், மாமனார் தடுக்கவில்லை. தஞ்சாவூருக்குப் போகும் ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் சிஸ்டர். பாதி வழியில், தாய் கண்ணயர்ந்த நேரம், தணிந்த குரலில் சொன்னார். "இந்தப் புள்ளைக்குத்தான் மேடம் அன்னைக்கு நான் பாட்டிலத் தொறக்கல." நீங்கள் சொன்னதால் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நான் குழந்தையின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நுரையீரலில் சளி கட்டி, குழந்தை இரண்டு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்தது. பிழைத்தது. இடது கண்ணின் கருவிழி மட்டும் வெளுத்துப்போய் நின்றுவிட்டது. முதலில் என்னிடம் வந்த அன்றைக்கே வைட்டமின் ஏ போயிருந்தால் ஒருவேளை கண் தப்பியிருக்கும். ஒன்பதாம் மாத ஊசி போயிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க வண்டி எடுத்துட்டு வரலைன்னா எம்புள்ள எனக்கில்ல டாக்டரம்மா," என்று அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டிக்கொடுத்தேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கறாரானவர், ஆனால் நியாயமாகத்தான் கேட்டார். தாய் அட்டையோடு வந்திருக்கிறார், மருந்து பெட்டியில் இருந்திருக்கிறது, பிறகு ஏன் போடவில்லை? என் அறையில், என் மேசைக்கு முன்னால்தான் சிஸ்டர் நின்றார். நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பாமல், "அன்னைக்குப் புள்ளைக்குச் சளி இருந்துச்சு சார். அதான் தள்ளிப்போட்டேன்," என்றார். "சளி இருந்தா ஊசி போடலாம்னு இத்தன வருஷ சர்வீஸுல தெரியாதா உங்களுக்கு?" என்றார் அதிகாரி. "தப்புதான் சார்." அவருக்கா தெரியாது? சளியைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளாதே என்று புது நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். நான் அந்த இடத்தில் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். பேசவில்லை. மெமோ கொடுத்து, வேளாங்கண்ணிப் பக்கம் கடலோரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள்.

கிளம்புகிற அன்று அறைக்கு வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்கும் தைரியம் வந்ததே எனக்குப் பெரிசு. கிராம்பை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "நீங்க மேல்படிப்புக்குப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க சர்வீஸுல ஒரு கறுப்பு விழுந்தா அதோட போச்சு. நான் இனிமே என்னாகப் போறேன்? கொழந்த டாக்டராயிடுங்க, நாலு புள்ள பொழைக்கட்டும்." அவர் மனசாரத்தான் சொன்னார் என்று அன்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதனால் என் பாரம் குறையவில்லை. அவர் சொன்ன மாதிரியே இடம் கிடைத்தது, படித்தேன், குழந்தை மருத்துவர் ஆனேன். பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு ஒரு வாழ்த்து அனுப்புவேன், அவரும் அனுப்புவார். நேரில் போய் நிற்க மட்டும் கால் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சாவூரில் என் கிளினிக்குக்கு அந்தத் தாய் வந்தார். முகம் உடனே பிடிபடவில்லை. கூட வந்த பள்ளிக்கூடப் பெண்ணின் இடது கண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மடியில் ஒன்பது மாதம் முடிந்த பையன். புருஷன் ஊருக்கே திரும்பி வந்த பிறகு பிறந்த பிள்ளை. ஊரில் இலவசமாகப் போடுகிற ஊசியை விட்டுவிட்டுப் பஸ் மாறி இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "நர்சுங்கள நான் நம்ப மாட்டேன் டாக்டரம்மா. கையில மருந்த வச்சுக்கிட்டே போடாம அனுப்புனவதானே அந்த நர்சம்மா. எங்க தெருவுல பாதிப் பேரு இன்னும் புதன்கெழம ஊசிக்குப் போறதில்ல, எம்பொண்ணு கண்ணப் பாத்து. இப்ப இருக்குற நர்சு வந்து கத்திட்டுப் போகுது, யாரு கேக்குறா? நீங்க அன்னைக்குக் காப்பாத்துனீங்க. நீங்கதான் போடணும்."

நான் அதற்குள் மருந்தைக் கலக்கிவிட்டிருந்தேன். பாதித் தெரு ஊசிக்குப் போவதில்லை என்றால் எத்தனை பிள்ளைகள் என்று மனது ஓடியது. நான் வாயைத் திறக்காததற்கு இத்தனை வருடமாக யார் யாரோ விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். குப்பியைத் திறக்காதே என்று சொன்னது நான், விதியை மீறிச் சொன்னது நான், காய்ச்சலோடு வந்த அன்று வாயைப் பார்க்காமல் அனுப்பியதும் நான், சிஸ்டர் எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தாய் பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டார். "வா பாப்பா," என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். குப்பி மேசை மேலேயே இருந்தது.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுக் கடலோரத்திலேயே தங்கிவிட்டவர். மீன் ஏலம் விடும் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எப்ப சொன்னீங்க? ஊசிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"இத்தன வருஷம் வச்சிருந்தீங்களே மேடம். இன்னும் ரெண்டு நிமிஷம் வச்சிருக்க முடியலையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "மருந்தக் கலக்கிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப என்கிட்ட என்ன பேச்சு? நாலு மணி நேரம் இருக்குல்ல. போங்க, பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாங்க."

கிளினிக்கில் காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குப்பியை ஐஸில் வைத்து, அவசர மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கும்பகோணம் பஸ் நிற்கும் இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தாயின் முகம் இறுகியது. "சொல்றதுக்கு இன்னும் என்ன இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை, ஊசி போட வந்தேன் என்றேன். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த நர்சம்மா உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டார். எண்ணை அழுத்திக் கொடுத்தேன்.

"நர்சம்மா, நான் பாப்பா அம்மா பேசுறேன்," என்று தொடங்கினார். "உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் நர்சம்மா. ஊரு பூரா பேசுனேன்." அந்தப் பக்கம் சிஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி, சரி என்று தலையாட்டினார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையனின் வலது கைச் சட்டையை மேலே ஏற்றினார். "நர்சம்மா போட்டுக்கச் சொல்றாங்க. அவங்க சொல்றாங்கன்னு போட்டுக்குறேன்," என்றார். போட்டேன். பையன் வீறிட்டு அழுதுவிட்டு அடங்கினான்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு கும்பகோணம் பஸ் வந்து போனது, தாய் எழவில்லை. நான் தெரியாமல் அவர் மகளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். திருப்பினாள். அவர்கள் எழுந்து போகும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.